ஈக்களை இனம் காணக் கற்பது: இணையக் குழுவோடு சேர்ந்து எப்படிப் பழகுவது?

கேட்கப்பட்டது இதுதான்: "ஈக்கள் மேல் ஆர்வம் வந்திருக்கிறது. கைபேசியில் படம் எடுக்கிறேன். ஆனால் எதற்கும் பெயர் தெரியவில்லை, சொல்லித்தரப் பக்கத்தில் யாரும் இல்லை. இணையத்தில் இதே ஆர்வம் உள்ளவர்களோடு சேர்ந்து கற்றுக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

முடியும். பறவை பார்க்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள், பட்டாம்பூச்சிக்கும் ஆள் கிடைத்துவிடும். ஈயைக் குனிந்து பார்க்கிறவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஈக்களும் கொசுக்களும் அடங்கும் டிப்டெரா என்ற பூச்சி வரிசையில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் 1,50,000-ஐத் தாண்டும். ஒரே மனிதர் எல்லாவற்றையும் அறிந்திருக்க வழியே இல்லை. ஒருவருக்குப் பூக்களருகே அந்தரத்தில் நின்று பறக்கும் ஹோவர்ஃப்ளை தெரியும், இன்னொருவர் வாழ்நாள் முழுக்கக் கொசுவையே பார்த்தவர், மூன்றாமவர் பழ ஈயின் இறக்கைப் புள்ளிகளை வைத்தே பேரினம் சொல்லிவிடுவார். இவர்கள் ஒரே ஊரில் இருப்பதில்லை, பல நேரம் ஒரே கண்டத்தில்கூட இருப்பதில்லை. அதனால் இந்தத் துறைக்குத் தொலைவிலிருந்து கற்பது இயல்பான வழி.

இணையம் வருவதற்கு முன்பும் நிலைமை இதுதான். ஈயியலின் தந்தை என்று சொல்லப்படும் ஜெர்மானியர் யோஹான் வில்ஹெல்ம் மெய்கன் (1764–1845) ஆசிரியர் வேலை பார்த்துப் பிழைத்துக்கொண்டே ஈக்களை வகைப்படுத்தியவர். ஓஸ்டன்-சாக்கன் ரஷ்ய அரசின் தூதரக அதிகாரியாக அமெரிக்காவில் இருந்தவர். அங்கே திரட்டிய ஈக்களைக் கப்பலில் ஜெர்மனிக்கு அனுப்பினார், அங்கே ஹெர்மன் லோவ் அவற்றைப் பார்த்துப் பெயரிட்டு விவரித்தார். இருவருமாகச் சேர்ந்து வட அமெரிக்க ஈக்களைப் பற்றிய அறிவுக்கு அடித்தளம் போட்டார்கள். கடிதமும் பெட்டியும் போய் வந்த இடத்தில் இன்று படமும் செய்தியும் போய் வருகின்றன. முன்பு மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற பதில் இப்போது மாலைக்குள் வந்துவிடுகிறது.

பதில் சீக்கிரம் வருவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதே அதைப் பற்றித்தான். படத்தைப் போட்டு "இது என்ன?" என்று கேட்டால் யாராவது ஒரு பெயர் சொல்வார்கள். நன்றி சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனால், ஒரு வருடம் கழித்தும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கோப்பில் பெயர்கள் சேர்ந்திருக்கும், கண் பழகியிருக்காது. குழுவிடம் பெயரைக் கேட்பதைவிடக் காரணத்தைக் கேளுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் நீங்களே எழுதுங்கள். "ஹோவர்ஃப்ளை என்று நினைக்கிறேன், மஞ்சள் கறுப்புப் பட்டை இருக்கிறது" என்று எழுதினால் போதும். "பட்டையை நம்பாதீர்கள், குளவிபோல் வேடமிட்ட ஈக்கள் வேறு குடும்பங்களிலும் உண்டு. இறக்கையின் நடுவே எதோடும் சேராமல் ஓடுகிற அந்தப் பொய் நரம்பு இருக்கிறதா பாருங்கள்" என்று யாராவது திருத்துவார்கள். அந்தத் திருத்தம் உங்களுக்குள் தங்கிவிடும்.

இனி ஈயிடம் வருவோம். முதல் கேள்வி, அது ஈதானா என்பது. ஈக்களுக்கு இறக்கை ஒரே ஒரு ஜோடிதான். தேனீ, குளவி இரண்டுக்கும் இரண்டு ஜோடி. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஈக்களுக்குச் சிறு காம்பின் நுனியில் குமிழ் வைத்ததுபோல் ஹால்டியர் என்ற உறுப்பு இருக்கும். பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்பதை உணர்ந்து சமநிலை காக்க அது உதவுகிறது. கிரேன் ஃப்ளை போன்ற நீளக்கால் ஈக்களில் பக்கவாட்டுப் படத்திலேயே ஹால்டியர் தெளிவாகத் தெரியும். தேனீயின் பின்னிறக்கை முன்னிறக்கையோடு கொக்கி மாட்டிக்கொண்டு ஒன்றுபோல் தெரிவதால், படத்தில் இறக்கையை மட்டும் எண்ணி முடிவெடுக்க முடியாமல் போகலாம். அப்போது முகத்தைப் பாருங்கள். தேனீக்கு முழங்கைபோல் மடிந்த நீண்ட உணர்கொம்பு இருக்கும். தேனீயைப் போலவே தோற்றமளிக்கும் எரிஸ்டாலிஸ் ஈக்கு முகத்தின் நடுவில் குட்டையான உணர்கொம்பு, அதில் ஒரு முடி. எரிஸ்டாலிஸின் இறக்கையில் ஒரு நரம்பு ஆழமாக உள்வாங்கி வளைந்திருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எந்தப் படத்திலும் கண் அங்கேதான் போகும்.

அடுத்த பெரிய பிரிவு உணர்கொம்பில் தெரிகிறது. கொசு, கிரேன் ஃப்ளை, கொசுபோலவே தோன்றும் கைரோனோமிடே போன்றவற்றின் உணர்கொம்பு நீளமாகப் பல கணுக்களோடு இருக்கும். வீட்டு ஈ, ஹோவர்ஃப்ளை, மாட்டு ஈ போன்றவற்றில் அது குட்டையாகச் சில கணுக்களோடு முடிந்துவிடும். அவற்றிலும் பலவற்றுக்குக் கடைசிக் கணுவிலிருந்து அரிஸ்டா என்ற ஒரு முடி கிளம்பும். அந்த அரிஸ்டா மொட்டையாக இருக்கிறதா, இறகுபோல் கிளைத்திருக்கிறதா என்பதுகூடக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கக் கைகொடுக்கும்.

பலரும் இந்த இடத்திலேயே இனத்தின் பெயருக்குத் தாவப் பார்க்கிறார்கள். தாவ வேண்டாம். முதல் சில மாதங்களுக்குக் குடும்பம் மட்டுமே உங்கள் இலக்காக இருக்கட்டும். ஈக்களில் குடும்பங்கள் நூற்றைம்பதுக்கு மேல் உண்டு. ஆனாலும் தோட்டத்திலும் சாளரத்திலும் அடிக்கடி கண்ணில் படுகிறவை இருபது, முப்பதுக்குள் அடங்கிவிடும். அவை பழகிவிட்டால் புதிதாக எதைப் பார்த்தாலும் "இது எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை" என்றாவது உறுதியாகச் சொல்ல முடியும். அப்படிச் சொல்ல முடிவது பெரிய முன்னேற்றம்.

சில குடும்பங்கள் புதியவருக்கு எளிதாகப் பிடிபடும், அவற்றிலிருந்து தொடங்குங்கள். ஆசிலிடே குடும்பத்தின் ராபர் ஃப்ளை: இரு கண்களுக்கும் நடுவே உச்சந்தலை பள்ளமாக இறங்கியிருக்கும், முகத்தில் தாடிபோல் விறைத்த முடிகள். குச்சி நுனியில் உட்கார்ந்து காத்திருந்து, பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடித்துக்கொண்டு திரும்பும். டோலிக்கோபோடிடே: இலைமேல் நிற்கும், சின்னஞ்சிறு, பச்சைப் பொன்னாக மின்னும், கால்கள் நீளம். சைக்கோடிடே: குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும், மயிரடர்ந்து சின்ன அந்துப்பூச்சிபோல் தெரியும். செப்சிடே: எறும்புபோல் இடை சிறுத்தது, நடக்கும்போதே இறக்கையை வீசிக்கொண்டே போகும், பலவற்றுக்கு இறக்கை நுனியில் ஒரு கரும்புள்ளி. கிரேன் ஃப்ளையின் மார்பின் மேல் V வடிவில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். பெரிய கொசு என்று நினைத்துப் பலர் அடித்துக் கொல்கிற இந்த ஈ யாரையும் கடிப்பதில்லை.

கொசுவையும் கைரோனோமிடேயையும் பிரிக்கத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் பயன்படும். விளக்கடியில் மொய்க்கிறவற்றில் பல கொசுக்களே அல்ல. கொசுவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீண்ட ஊசிவாய் உண்டு, இறக்கை நரம்புகளிலும் ஓரத்திலும் செதில்கள் உண்டு. கைரோனோமிடேக்கு இரண்டும் இல்லை. உட்காரும் விதமும் வேறு: கைரோனோமிடே முன்கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளும், கொசு பெரும்பாலும் பின்கால்களைத் தூக்கும். பூச்சி எப்படி உட்கார்ந்திருந்தது, எதன்மேல் உட்கார்ந்திருந்தது, இறக்கையை எப்படி வைத்திருந்தது என்று படத்தோடு ஒரு வரி எழுதச் சொல்லிக் குழுவில் மூத்தவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பிறகு இறக்கை நரம்புகள். இங்கேதான் பலர் பயந்து விலகிப் போகிறார்கள், ஆனால் மிக அதிகமாகக் கற்றுத்தருவதும் இந்த இடம்தான். மெய்கன் தன் வகைப்பாட்டுக்கு ஊன்றுகோலாகப் பிடித்ததே நரம்புகளைத்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காம்ஸ்டாக், நீதம் என்ற இரண்டு அமெரிக்கப் பூச்சியியலாளர்கள் எல்லாப் பூச்சி வரிசைகளுக்கும் பொதுவாக நரம்புகளுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்தார்கள். காஸ்டா, சப்காஸ்டா, ரேடியஸ், மீடியா, க்யூபிட்டஸ், ஏனல் என்று முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி வரிசையாக வரும். ஒரே உட்காரலில் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு நரம்பு என்று பழகுங்கள்.

மாட்டு ஈயில் ரேடியஸின் ஒரு கிளை இறக்கை நுனியில் இரண்டாகப் பிரிந்து, நுனியைக் கவட்டைபோல் இரு பக்கமும் அணைத்துக்கொண்டு முடியும். டெஃப்ரிடிடே என்ற பழ ஈக்களில் சப்காஸ்டா பாதியில் ஏறக்குறையச் செங்கோணமாக முன்விளிம்பை நோக்கித் திரும்பி மங்கிப்போகும். இறக்கையில் அழகான கோலம் இருக்கிற ஈக்கள் வேறு குடும்பங்களிலும் உள்ளன, அவற்றிலிருந்து பழ ஈயைப் பிரிக்க இந்தத் திருப்பம் உதவும். வீட்டு ஈயில் மீடியா நரம்பு நுனிக்குச் சற்று முன்னால் சட்டென்று மேலே வளைந்து அடுத்த நரம்பை நெருங்கும். வீட்டு அறையின் நடுவில் விளக்குக்குக் கீழே கோணல்மாணலாக வட்டமிட்டுக்கொண்டே இருக்கும் சிறிய ஈ ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஃபேனியா பேரினத்தைச் சேர்ந்த அதற்கு மீடியா வளையாமல் நேராகவே போகும். இந்த ஒரு வித்தியாசத்தை நீங்களே ஒரு படத்தில் கண்டுபிடிக்கிற நாளிலிருந்து நரம்பு பயமுறுத்தாது.

உடலின் மேல் நிற்கிற முள்முடிகளும் இதே போலத்தான். ஈயின் மார்பிலும் தலையிலும் இருக்கிற பெரிய முள்முடிகள் கண்டபடி முளைத்தவை இல்லை, ஒவ்வொன்றும் தனக்கென்று குறித்த இடத்தில் நிற்கிறது. அந்த இடங்களுக்குப் பெயர் வைத்து, ஒப்பிட்டு, வகைப்பாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று முறையாக எழுதிக் காட்டியவர் மேலே சொன்ன அதே ஓஸ்டன்-சாக்கன். தூதரக அதிகாரியாக இருந்து இப்படியும் ஒரு வேலை செய்து முடித்த மனிதர்மேல் எனக்குத் தீராத மரியாதை உண்டு.

இதெல்லாம் ஒரு படத்தில் எப்படி ஒன்றுசேர்கிறது என்று பார்ப்போம். குழுவில் யாரோ ஒரு படம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சாம்பல் நிறம், செந்நிறக் கண், மார்பில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள், தடித்த உடல். "வீட்டு ஈ" என்று முதல் பதில் வரும். நல்ல குழுவில் அதோடு நிற்க மாட்டார்கள், எல்லோருமாகப் படிப்படியாக இறங்குவார்கள். உணர்கொம்பு குட்டை, அரிஸ்டா இருக்கிறது. சரி. இறக்கையின் அடியில் ஹால்டியரை மூடிக்கொண்டு வெளிறிய மடல், கேலிப்டர், பெரிதாக இருக்கிறது. அப்படியானால் வீட்டு ஈயும் அதன் உறவுகளும் சேர்ந்த பெருங்கூட்டத்துக்குள் வந்துவிட்டோம். மீடியா நரம்பு வளைந்திருக்கிறது. ஃபேனியா விலகிப்போகிறது, ஆனால் வீட்டு ஈக்கு இன்னும் வாய்ப்பு உண்டு.

இப்போது பக்கவாட்டுப் படம் வேண்டும். பின்காலுக்குச் சற்று மேலே, ஹால்டியருக்குக் கீழே, மெரான் என்ற பகுதியில் செங்குத்தாக ஒரு வரிசை முள்முடிகள் நிற்கின்றனவா? நிற்கின்றன. அப்படியானால் வீட்டு ஈயின் குடும்பமான மஸ்கிடே இல்லை. கலிஃபோரிடே, சார்கோஃபாகிடே, டாக்கினிடே போன்ற குடும்பங்களில் ஒன்று. மார்பின் முடிவில் முக்கோணத் தட்டாக இருக்கும் ஸ்குட்டெல்லத்துக்கு அடியில் இன்னொரு தட்டு உருண்டு புடைத்திருக்கிறதா? அது டாக்கினிடேயின் அடையாளம். கம்பளிப்புழு போன்ற பிற பூச்சிகளின் உடலுக்குள் வளர்ந்து அவற்றைக் கொல்லும் ஈக்கள் அவை. இந்தப் படத்தில் அது புடைக்கவில்லை. உடல் பச்சையாகவோ நீலமாகவோ உலோகம்போல் மின்னுகிறதா? மின்னினால் கலிஃபோரிடே பக்கம் சாயலாம். இங்கே மின்னவில்லை. மார்பில் கோடுகளை எண்ணினால் மூன்று. வீட்டு ஈக்கு நான்கு. வயிற்றில் சதுரங்கப் பலகைபோல் கட்டங்கள், ஒளி விழும் கோணம் மாறினால் கறுப்பும் சாம்பலும் இடம் மாறுகின்றன. சார்கோஃபாகிடே என்று எழுதலாம். பெண் ஈ முட்டையிடாமல் புழுவாகவே ஈனும் குடும்பம் இது.

அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சார்கோஃபாகிடேயில் பெரும்பாலான இனங்களைப் பிரிக்க ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இனப் பெயர் சொல்கிறவரிடம் தயங்காமல் காரணம் கேளுங்கள். குடும்பத்தோடு நிறுத்துவதைத் தோல்வி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சரியான மட்டத்தில் நிறுத்தத் தெரிந்தவரின் பெயரைத்தான் பிறகு ஆய்வாளர் நம்பி எடுத்துக்கொள்வார்.

மேலே நடந்தது உண்மையில் அடையாளத் திறவுகோலைப் பயன்படுத்துவதுதான். திறவுகோல் என்பது இரண்டிரண்டாக வரும் கூற்றுகளின் வரிசை. எந்தக் கூற்று பொருந்துகிறதோ அது காட்டும் எண்ணுக்குப் போக வேண்டும். தனியாக உட்கார்ந்து திறவுகோல் படிப்பது ஆரம்பத்தில் சோர்வூட்டும், ஏனென்றால் எந்தப் படியில் தடம் மாறினோம் என்றே தெரியாது. குழுவாகச் செய்தால் தெரியும். ஒரே படத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் தங்கள் தேர்வை எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தாவது படியில் இருவர் பிரிந்து போனால், அந்த முள்முடி எது, அந்த நரம்பு எங்கே முடிகிறது என்று விவாதம் அங்கே தொடங்கும். ஒரு மணி நேரம் ஒரே ஈயைப் பற்றிப் பேசுவீர்கள். ஆர்வலர்கள் சேர்ந்து செய்யக்கூடிய பயிற்சிகளில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: திறவுகோல் எந்த நிலப்பகுதிக்காக எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். ஒரு கண்டத்துக்கு எழுதியதை இன்னொரு கண்டத்து ஈக்குப் பயன்படுத்தினால், உங்கள் ஈயின் பேரினமே அதில் இல்லாமல் போகலாம். திறவுகோல் அதைச் சொல்லாது, அருகில் இருக்கிற ஏதோ ஒரு பெயரில் கொண்டுபோய் விட்டுவிடும்.

படம் நன்றாக இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய நிபுணராலும் உதவ முடியாது. ஒரே அழகான படத்தைவிட மூன்று சுமாரான கோணங்கள் மேல்: மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று. மேலிருந்து எடுப்பதில் இறக்கை நரம்பும் மார்புக் கோடும் கிடைக்கும், பக்கவாட்டில் முள்முடிகள், முகத்தில் உணர்கொம்பும் கண்களின் இடைவெளியும். பல குடும்பங்களில் ஆண் ஈயின் கண்கள் உச்சியில் ஒன்றையொன்று தொடும், பெண்ணுக்கு இடையில் நெற்றி இருக்கும். அதனால் முகப்படம் இருந்தால் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். கைபேசியில் பொருத்தும் சிறிய மேக்ரோ லென்ஸே ஆரம்பத்துக்குப் போதும். விடிகாலையில் உடல் குளிர்ந்திருக்கும்போது ஈ அவ்வளவு சீக்கிரம் பறக்காது. மெதுவாக, நேர்கோட்டில், உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் நெருங்குங்கள். சாளரக் கண்ணாடியில் உட்கார்ந்த ஈ கிடைத்தால் விடாதீர்கள், ஒரே ஈயின் முதுகையும் அடிவயிற்றையும் இரு பக்கமிருந்தும் எடுக்கலாம், பின்னொளியில் நரம்புகள் வரைந்து வைத்ததுபோல் தெரியும். படத்தைப் பதிவிடும்போது நிறத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். தேதி, இடம், தோராயமான உடல் நீளம், எந்தச் செடி அல்லது எந்தப் பொருள்மேல் இருந்தது என்பதை எழுதிவிடுங்கள். இடம் தெரியாத ஈக்குப் பெயர் சொல்வது மிகவும் கடினம்.

தானாகப் பெயர் சொல்லும் செயலிகளைப் பற்றியும் கேட்பீர்கள். உயிரினப் படங்களைப் பதிவிட்டு அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் 2008-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. 2017 முதல் படத்தைப் பார்த்து இயந்திரமே பெயர்களைப் பரிந்துரைக்கிறது. நல்ல வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இயந்திரம் அதிகம் பார்த்த இனங்களைத்தான் அதிகம் சொல்லும். பலர் படம் எடுக்கிற, பெயர் எளிதாக உறுதிப்படுகிற இனங்கள் அதற்கு நன்றாகத் தெரியும். அரிதாகப் படமெடுக்கப்படுகிற ஈயை அதற்குத் தெரிந்த ஒன்றோடு சேர்த்துவிடும். பரிந்துரையைத் தொடக்க ஊகமாக வைத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தின் அடையாளம் உங்கள் படத்தில் இருக்கிறதா என்று நீங்கள் சரிபார்க்க வேண்டும்.

அந்தத் தளத்தில் ஒரு பதிவுக்கு இன அளவில் அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டால், தேதி, இடம் போன்ற விவரங்களும் சரியாக இருந்தால், அது ஆய்வுத் தரத்தை எட்டுகிறது. உரிய உரிமத்தோடு வெளியிட்ட அத்தகைய பதிவுகள் ஜிபிஐஎஃப் என்ற உலகளாவிய உயிரினத் தரவுத் தொகுப்புக்கும் போகின்றன. அங்கிருந்து ஆய்வாளர்கள் எடுத்துப் பரவல் வரைபடம் போடுகிறார்கள். ஆகவே நண்பர் சொன்னார் என்பதற்காக "ஒப்புக்கொள்கிறேன்" பொத்தானை அழுத்தாதீர்கள். உங்களுக்குச் சுயமாகக் காரணம் தெரிந்தால் மட்டும் அழுத்துங்கள். தெரியாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

குழுவில் எப்படி நடந்துகொள்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிபுணர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு தங்கள் ஓய்வு நேரத்தைத்தான் தருகிறார்கள். ஒரே நாளில் நிறையப் படங்களைக் கொட்டாமல், நீங்களே முயன்று முடியாமல் போன ஒன்றிரண்டை அனுப்புங்கள். "இது வரை வந்துவிட்டேன், இங்கே நின்றுவிட்டேன்" என்று எழுதுகிறவருக்குத்தான் நீளமான பதில் கிடைக்கும். இரண்டு நிபுணர்கள் ஒரு படத்தின் மேல் கருத்து வேறுபட்டால் அமைதியாகப் படியுங்கள், அது நீங்கள் பார்க்கக் கிடைக்கும் மிகச் சிறந்த பாடம். பதில்களை உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஈயின் பெயரைத் தலைப்பாக வைக்காமல் குடும்பத்தைத் தலைப்பாக வைத்து, அதன் கீழே "எதைப் பார்த்துத் தெரிந்தது" என்று எழுதினால் சில மாதங்களில் உங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிறு கையேடு உருவாகிவிடும்.

கொஞ்சம் கண் பழகியதும் மற்றவர்களின் படங்களுக்கு நீங்கள் அடையாளம் சொல்லத் தொடங்குங்கள். இதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள், தகுதி வரவில்லை என்று கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். வெறும் "பூச்சி" என்றோ "ஈ" என்றோ கிடக்கிற பதிவுகள் குவிந்திருக்கின்றன. அவற்றில் ராபர் ஃப்ளையை மட்டும் பிரித்து ஆசிலிடே என்று எழுதினாலே, அந்தக் குடும்பத்தை ஆய்கிற ஒருவர் கண்ணில் அது படும், அவர் வந்து இனப் பெயர் சொல்வார். உங்களுக்கும் ஒரே குடும்பத்தின் நூற்றுக்கணக்கான உருவங்கள் அடுத்தடுத்துக் கண்முன் வரும். ஒரு குடும்பத்தின் பொதுச் சாயல் மனதில் பதிவது இப்படித்தான். ஒரு கட்டத்தில் நரம்பைப் பார்ப்பதற்கு முன்பே குடும்பம் தெரிந்துவிடும், பிறகு நரம்பைப் பார்த்து உறுதி செய்துகொள்வீர்கள். அந்த உறுதி செய்யும் பழக்கத்தை மட்டும் கைவிடாதீர்கள். ஹெர்மெட்டியா இல்லுசென்ஸ் என்ற கறுப்பு ஈ நீண்ட உணர்கொம்பும் மெலிந்த இடையுமாகக் குளவிபோல் ஏமாற்றும். வயிற்றின் தொடக்கத்தில் ஒளி ஊடுருவும் இரண்டு சாளரங்கள் இருப்பதால்தான் இடை அப்படி மெலிந்து தெரிகிறது. சாயலை மட்டும் நம்புகிறவர் இதைக் குளவி என்றே எழுதிவிட்டுப் போய்விடுவார்.

பொதுவாகப் பழகிய பிறகு ஒரு குடும்பத்தை உங்களுடையதாகத் தேர்ந்தெடுங்கள். என் பரிந்துரை ஹோவர்ஃப்ளை, அதாவது சிர்ஃபிடே. பூக்களில் தேடினால் கிடைக்கும், அந்தரத்தில் நின்று காட்டும், நிறமும் வடிவமும் விதவிதமாக இருக்கும், பல இனங்களைப் படத்திலிருந்தே சொல்லிவிடலாம், உதவுகிறவர்களும் இந்தக் குடும்பத்துக்குத்தான் அதிகம். ஃபோரிடே போன்ற சின்னஞ்சிறு ஈக்களை முதல் குடும்பமாக எடுக்க வேண்டாம். அவற்றில் இனங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, படத்தை வைத்து ஏறக்குறைய எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, சலிப்பு வந்துவிடும்.

படத்தால் போக முடிகிற தூரம் முடிந்து, இன்னும் போக வேண்டும் என்று தோன்றினால் அடுத்தது மாதிரி சேகரிப்பு. அது எல்லோருக்கும் அவசியமில்லை, உயிரைக் கொல்ல மனமில்லாதவர்கள் படத்தோடேயே நிறைவாகப் பங்களிக்கலாம். சாளரத்தின் அடியிலும் விளக்கின் கீழும் தானாக இறந்து கிடக்கிற ஈக்களே ஆரம்பப் பயிற்சிக்கு ஏராளம். நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் மெரான் முள்முடிகளும் ஸ்குட்டெல்லத்தின் அடிப்பகுதியும் தெரியும். பிறகு இருகண் ஸ்டீரியோ நுண்ணோக்கி வாங்கலாமா என்று யோசியுங்கள். மாதிரி எடுக்கிறீர்கள் என்றால் ஒவ்வொன்றோடும் இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதிய சிறு சீட்டு கட்டாயம் இருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது, நாடு விட்டு நாடு அனுப்புவதற்கும் சட்ட விதிகள் உண்டு. அனுப்ப நினைக்கும் முன் குழுவில் அனுபவமுள்ளவர்களிடமும் உரிய அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள்.

இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றால், வீட்டுச் சாளரத்தில் இருக்கிற முதல் ஈயை மூன்று கோணத்தில் எடுங்கள். மார்பில் கோடுகளை எண்ணுங்கள், மீடியா நரம்பு வளைகிறதா பாருங்கள், உங்கள் ஊகத்தையும் காரணத்தையும் எழுதிக் குழுவில் போடுங்கள்.